முதல் வருடம் கணக்கில் இல்லை

பேருந்து கிளம்பிய அன்று அண்ணியிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அவரைக் கல்யாணம் பண்ணிக்கோங்க அண்ணி. அண்ணன் கோவிச்சுக்க மாட்டான். எனக்கும் சந்தோஷம்தான்."

சொல்ல வாயெடுத்து, "குடையை எடுத்து வெச்சேனா?" என்று கேட்டேன். குடை என் மடியில்தான் இருந்தது. அண்ணி குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவர், அண்ணி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஃபிரிட்ஜ் பழுது பார்க்க வருகிறவர். என் பெட்டியைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக் கயிறு கட்டினார். இறங்கி வந்தார். மனசு கேட்காமல் மறுபடி ஏறி இன்னொரு முடிச்சுப் போட்டார். "பெட்டிக்குக் கால் முளைச்சா ஓடப்போகுது? இறங்குங்க" என்றாள் அண்ணி. மனிதர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அண்ணி அப்படி ஒருவரை அதட்டி நான் ஏழு வருடமாகக் கேட்டதில்லை.

ஏழு வருடம் என்பது, அண்ணன் காய்ச்சலில் போனதிலிருந்து. அப்பா அம்மா அதற்கு முன்பே இல்லை. எனக்குப் பள்ளிப் படிப்பு முடியவில்லை, அண்ணிக்கு இருபத்தாறு வயது. பிறந்த வீட்டிலிருந்து கூப்பிட வந்தவர்களிடம், "இவளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துட்டு வரேன்" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. நான் அந்த நிலைக்கு வந்து, மரங்களின் வளர்ச்சியை அளக்கும் ஒரு காட்டு ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே தொலைபேசி எடுக்காது. வாரம் ஒரு முறை ஜீப் மலையிறங்கித் தபால் எடுத்து வரும். அதனால் கடிதம் எழுதிக்கொண்டோம். அண்ணிக்கு நான் எப்போதும் பூனைதான்.

*

ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் பெட்டியும் முழுசாக வந்து சேர்ந்தோம். அந்த முடிச்சை மட்டும் கத்தியால்தான் அறுக்க முடிந்தது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் இல்லை என்று தண்ணீர் கேனை நீங்களே மாடிக்குத் தூக்காதீர்கள்.

எனக்குத் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறை, அதில் எலி இருக்கிறது. நிலையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். மரங்களுக்குத்தான் டாக்டர். ஏணி என்று ஒருவர் என்னோடு காட்டுக்கு வருகிறார். அவரும் இந்த வருடம்தான் சேர்ந்தவர். பனை உயரம், தோளில் எப்போதும் ஓர் ஏணி. தூரத்திலிருந்து பார்த்தால் எது யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று தெரியாது.

வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் மெல்லிய எஃகுத் தகட்டால் ஒரு பெல்ட் கட்டியிருக்கிறோம். ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்திருக்கும். மரம் பெருக்கப் பெருக்க பெல்ட் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று மாதாமாதம் அளக்க வேண்டும். மலையின் அடிவாரத்தை ஒட்டிய கீழ்ச்சரிவில் ஒரு கூட்டம் மரங்கள், மேலே முகட்டில் ஒரு கூட்டம். வெப்பம் ஏற ஏற இரண்டு கூட்டமும் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம்.

நேற்று ஒரு பெல்ட் நகத்தின் கனம்கூட நகர்ந்திருக்கவில்லை. ஏணி மரத்தைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். பள்ளியில் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நீங்கள் அதையேதான் சொல்வீர்கள். அந்த நினைவோடு படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் பூனை

*

பிப்ரவரி 4

என் பூனைக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். உறையை வெள்ளை அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே இருமல் மருந்து விற்றேன். முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, கவலைப்படாதே. நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா? தலையைத் துவட்டாமல் படுப்பவள் நீ.

மரத்துக்கு பெல்ட்டா! எங்கள் முதலாளி இடுப்பில் ஒன்று கட்டிப் பார், மாதா மாதம் கண்டிப்பாக நகரும், உனக்கும் சம்பள உயர்வு கிடைக்கும்.

இங்கே இப்போதே வெயில் பல்லைக் காட்டுகிறது. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜில் குளிர் ஒரு அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும், கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஃபிரிட்ஜ்காரர் வந்து சரி செய்தார். சரி செய்தது நிற்கிறதா என்று பார்க்க மறுநாள் வந்தார். மறுநாள் பார்த்தது சரியா என்று பார்க்க அதற்கு மறுநாளும் வந்தார். முதலாளி என்னிடம், "நம்ம ஃபிரிட்ஜுக்கு ஜுரமா, அவருக்கா?" என்று கேட்கிறார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

தண்ணீர் கேனை நான் தூக்குவதில்லை. அது எப்படியோ மேலே வந்துவிடுகிறது.

எலிக்கு இரக்கப்படாதே.
உன் அண்ணி

*

மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சளி இல்லை, இருமல் இல்லை, எலியும் போய்விட்டது. வெயில் காலத்தில் வரும் உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா? கடைக்குள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

இந்த மாதம் ஒரு விநோதம் தெரிந்துகொண்டேன். மரம் பகலில் இளைக்கிறது. வெயிலில் இலை தண்ணீரை இழந்துகொண்டே இருப்பதால் அடிமரம் மெல்லச் சுருங்குகிறது. சாயங்காலம் வேர் தண்ணீரை ஏற்ற, விடியும்போது பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அதனால் நாங்கள் விடிந்ததும் அளந்துவிடுகிறோம். மரம் வளர்வதும் பெரும்பாலும் இரவில்தான். காற்றில் ஈரம் இருக்கும்போதுதான் அதற்குப் பெருக்க முடியும். ஆனால் இப்போது இரவுகளும் சூடாகிவிட்டன. பகலில் சேர்த்ததை மரம் இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது என்கிறார் டாக்டரம்மா. இருபது வருடத்துக்கு முன் இவர் இங்கே போர்வை இல்லாமல் படுத்ததே இல்லையாம். என் போர்வை மடித்தபடி இருக்கிறது.

ஓர் உதவி. கீழ்ச்சரிவில் பழைய பெல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன. புதுத் தகடு இருக்கிறது, ஸ்பிரிங் இல்லை. மேலிடத்துக்கு எழுதினால் மழைக்காலம் முடிந்துதான் வரும். சுண்டுவிரல் நீளம், துருப்பிடிக்காத எஃகு, கையால் இழுத்தால் சுலபமாக நீள வேண்டும். கடைத்தெருவில் கிடைக்குமா?

நீங்கள் இத்தனை வருடம் எனக்குத் தேடித் தேடி வாங்கித் தந்த புத்தகங்களின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் பூனை

*

ஏப்ரல் 9

என் பூனைக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண் எரிச்சல் போய்விட்டது.

இதனோடு ஸ்பிரிங் பொட்டலம் வருகிறது. கடைத்தெருவில் சும்மா போகிற போக்கில் கிடைத்தது. ஒன்றும் சிரமம் இல்லை. தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருக்கிறேன்.

போர்வை மடித்தபடி இருந்தாலும் கழுத்துவரை ஏதாவது போர்த்திப் படு. காட்டுப் பூச்சிக்குப் பட்டதாரி என்றெல்லாம் தெரியாது.

உன் அண்ணி

*

பொட்டலத்துக்குள் ஸ்பிரிங்குகள் பத்துப் பத்தாக மெழுகுத்தாளில் சுற்றியிருந்தன. ஒவ்வொரு சுற்றின் மேலும் சின்னச் சின்ன எழுத்தில், 'மென்மை', 'நடுத்தரம்', 'இழுத்துப் பார்த்தது, நன்று' என்று எழுதியிருந்தது. அண்ணியின் எழுத்து மருந்துச் சீட்டு போலக் காற்றில் பறக்கும். இது ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையில் நிற்கிற எழுத்து. போகிற போக்கில் கிடைத்ததாக அண்ணி எழுதியதை நான் நம்பியதாகவே பதில் எழுதினேன்.

*

மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல சுகம். உங்களுக்கு வேனல் கொப்புளம் எதுவும் வரவில்லையே?

ஸ்பிரிங்குகள் அச்சில் வார்த்த மாதிரி பொருந்திவிட்டன. நான் நன்றி சொன்னதாகக் கடைத்தெருவிடம் சொல்லுங்கள்.

டாக்டரம்மா முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நகரத்துக்குப் போயிருக்கிறார், திரும்ப மாதக்கணக்கு ஆகும். நானும் ஏணியும் மட்டும் கீழ்ச்சரிவு முழுவதும் புது பெல்ட் கட்டி முடித்தோம். மூன்று மரத்தை மட்டும் விட்டுவிட்டோம். அவற்றில் குளவிக் கூடு. "ஏறிப் பாருங்களேன்" என்றேன். "குளவிக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. நான் அது வீட்டுக்குப் போறதில்ல, அது என் மூஞ்சிக்கு வர்றதில்ல" என்றார் ஏணி. பழைய துருப்பிடித்த பெல்ட்டோடு அந்த மூன்றும் நிற்கின்றன.

காட்டின் தரை முழுக்க இலைச் சருகு. மழை ஒரு மாதம் பிந்தும் என்கிறார்கள். முகட்டில் ஒரு புதுமை பார்த்தேன். கீழ்ச்சரிவில் மட்டுமே இருக்கும் மர வகையின் கன்று ஒன்று அங்கே முளைத்திருக்கிறது. முழங்கால் உயரம். பறவை கொண்டுவந்து போட்டிருக்கும். முன்பெல்லாம் அந்தக் குளிரில் அது பிழைத்திருக்காது.

உங்கள் பூனை

*

ஜூன் 11

என் பூனைக்கு,

கொப்புளம் வந்து போய்விட்டது. நீ தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா?

இங்கே தார் இளகி செருப்பைப் பிடித்து இழுக்கிறது. வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. ஃபிரிட்ஜ்காரர் வந்து பார்த்தார். விசிறியில் கோளாறு இல்லையாம், சுவிட்ச் போர்டுக்குள் கம்பி கருகியிருக்கிறதாம். உன் அண்ணன் கல்யாணமான புதிதில் தன் கையால் மாட்டிய போர்டு அது. கோணலாக மாட்டிவிட்டு, "வீடுதான் கோணல்" என்று சாதித்தானே, அதுதான்.

"மாத்திடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு நானே, மாற்றுங்கள் என்றேன். புது போர்டு நேராக இருக்கிறது. பழையதைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். நான் செய்தது உனக்குச் சரியாகப் படுகிறதா? படவில்லை என்றாலும் ஒளிக்காமல் எழுது. உனக்குப் பிடிக்காத எதையும் அந்த வீட்டில் செய்ய எனக்கு மனசு வராது.

உன் அண்ணி

*

மழை பிந்தி வந்தது, வந்ததும் ஒரேயடியாக வந்தது. பாதை சரிந்து ஜீப் ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. அண்ணியின் கேள்வி எங்கோ ஒரு தபால் பையில் நனையாமல் கிடந்தது. அது என் கைக்கு வந்தபோது நான் வேறொரு துக்கத்தில் இருந்தேன். சுவிட்ச் போர்டைப் பற்றிய பகுதியைப் படித்தேன், அது சுவிட்ச் போர்டைப் பற்றியது என்றே நினைத்தேன்.

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சித்தான் குடிக்கிறேன். பாதை அடைபட்டதால் இவ்வளவு தாமதம். நீங்கள் சாப்பிடாமல் கடைக்கு ஓடுவதாக எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு கெட்ட செய்தி. கீழ்ச்சரிவு மரங்கள் வளர்வதை நிறுத்திவிட்டன. மழை பெய்தும், நாங்கள் கட்டிய பெல்ட் ஒன்றுகூட நகரவில்லை. முகட்டில் எல்லாம் நகர்கின்றன, முந்தைய வருடங்களைவிட அதிகமாகவே. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் மரம் புதிதாகக் கட்டுவதை விட்டுவிட்டு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறு. அளவுக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏணி வானத்தைப் பார்த்தபடி நின்றார், நல்ல மனிதர்.

பிறகு ஒரு பெரிய மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதன் நிழலில் எத்தனை கன்றுகள்! தனக்கென்று புதிதாக ஒரு கிளை வேண்டும் என்று கேட்காமல், நின்ற இடத்தில் நின்று நிழல் கொடுப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது என்று தோன்றியது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் அண்ணி. நீங்கள் அப்படி நின்றதால்தான் நான் இங்கே நிற்கிறேன். எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது. நீங்கள் எப்போதும் அப்படியே இருங்கள்.

உங்கள் பூனை

*

செப்டம்பர் 6

பூனைக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

மரங்களைப் பற்றி எழுதியிருந்தாய். வருத்தப்படாதே. நிற்பதும் மரியாதைதான், நீ சொன்னது சரி.

கடை ஃபிரிட்ஜை இப்போது வேறு ஆள் பார்க்கிறார். பழையவர் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்க் கிடங்குக்கு வேலைக்குப் போகிறாராம். நல்ல வேலை.

பழைய சுவிட்ச் போர்டைத் துடைத்து வைத்திருந்தேன் இல்லையா, கம்பியை மட்டும் மாற்றி அதையே திரும்ப மாட்டிவிட்டேன்.

உன் அண்ணி

*

அந்தக் கடிதத்தில் கேலி இல்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். மடித்து வைத்துவிட்டு மறுநாள் விடியலில் காட்டுக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. அன்றே எழுதியது இது.

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நலமா என்று கேட்கவில்லை.

இந்தக் கடிதம் ஜீப்புக்குக் காத்திருக்காது. ஏணி இதை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இறங்குகிறார். "உயிர் போற அவசரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை.

முதலில் மரம். நான் எழுதியது தப்பு. மழையில் குளவிக் கூடுகள் விழுந்துவிட்டன. இன்று காலை அந்த மூன்று மரத்தையும் அளந்தேன். நாங்கள் தொடாமல் விட்ட பழைய பெல்ட்டுகள். மூன்றும் நகர்ந்திருந்தன. அளந்தது சரியா என்று ஏணியையும் அளக்கச் சொன்னேன். நகர்ந்துதான் இருந்தன. பக்கத்து மரங்கள் நின்றுவிட்டபோது இந்த மூன்று மட்டும் எப்படி வளரும்?

டாக்டரம்மா போன வாரம்தான் கைத்தடியோடு திரும்பியிருக்கிறார். ஓடிப்போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "புது பெல்ட் எங்கயாவது கட்டின உடனே இறுக்கமா உக்காருமா? மரப்பட்டையில அங்கங்க தொய்வு இருக்கும். மரம் பெருத்தா முதல்ல அந்தத் தொய்வுதான் நிரம்பும். அப்புறம்தான் ஸ்பிரிங் நகரும். புது பெல்ட்டுக்கு முதல் வருஷம் கணக்குலயே இல்லம்மா. நான் ஊர்ல இருந்திருந்தா சொல்லியிருப்பேன். நானும் என் முதல் வருஷத்துல ஒரு காட்டையே சாகடிச்சு அறிக்கை எழுதினவதான்" என்றார்.

முழுக்க நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். அந்த மூன்றும் பத்து வருடத்துக்கு முன் வளர்ந்த அளவில் பாதிகூட வளரவில்லை. முகட்டை ஒட்டி, நாங்கள் அளக்காத இடத்தில், மழை பிந்தியதில் இரண்டு மரம் உண்மையாகவே பட்டுப்போய்விட்டது. ஆனால் கீழ்ச்சரிவு நிற்கவில்லை அண்ணி. அவ்வளவு வெப்பத்திலும், மெல்ல, யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. என் பெல்ட்டுக்குத்தான் அது தெரியவில்லை.

இனி நாம். நின்ற மரம் என்று உங்களைப் புகழ்ந்தேன். நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு உங்கள் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, அப்படியே இருங்கள் என்று எழுதினேன். ஜூன் மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலே எழுதவில்லை. சுவிட்ச் போர்டை மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றலாம். அந்தக் கோணல் போர்டில் அண்ணனுக்கே இரண்டு தடவை ஷாக் அடித்திருக்கிறது.

பேருந்தில் ஏறிய அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் பொட்டலத்தின் மேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று எனக்கு அன்றே தெரியும். தண்ணீர் கேன் எப்படி மாடிக்கு வருகிறது என்றும் தெரியும். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நான் பேசாமல் இருந்தேன். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். நடுவில் ஒரு மனிதர் மீன் கிடங்குக்குப் போகிறார்.

நீங்கள் என்னை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த வேலை முடிந்தது. அதற்கான நன்றியை உங்கள் காலைக் கட்டிப்போடாமல் சொல்ல இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவர் கிளம்பிவிட்டாரா?

உங்கள் பூனை

*

அடுத்த வாரம் ஜீப் எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஏணி தபால் பெட்டியில்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தார். ஓட்டுநர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் ஜீப்பிலிருந்தபடியே தலையை ஆட்டக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு வாரம் ஆட்டவில்லை. ஒரு பொட்டலமும் ஒரு கடிதமும் வந்திருந்தன. பொட்டலத்தை முதலில் பிரித்தேன். மெழுகுத்தாள் சுற்று மூன்று. மேலே, ஒன்றோடொன்று முட்டாத எழுத்தில்: 'குளவி மரங்களுக்கு. முதல் வருடம் கணக்கில் இல்லை.'

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் பிரித்தேன்.

*

அக்டோபர் 20

என் பூனைக்குட்டிக்கு,

இப்போது கேள், நலமா என்று. நலம்.

உன் கடிதம் கடைக்கு வந்தது. படித்துவிட்டு, தலைவலி மாத்திரை கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி பிடுங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போம்மா, இல்லன்னா யாராவது போய்ச் சேர்ந்துடுவாங்க" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் துறைமுகத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. வெள்ளை அங்கியோடு பேருந்தில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் அங்கியைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு இறங்கும்வரை தன் மூட்டுவலியைச் சொன்னாள்.

கிடங்கு வாசலில் நின்று உள்ளே ஆள் அனுப்பினேன். கம்பளிக் கோட்டும் தொப்பியுமாகக் கரடி மாதிரி வந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஃபிரிட்ஜ் நின்னுபோச்சா?"

"ஃபிரிட்ஜ் நல்லா இருக்கு."

"அப்ப மருந்து எதுவும் கெட்டுப்போகலையே?"

"மருந்தெல்லாம் நல்லா இருக்கு. இதைப் படிங்க" என்று உன் கடிதத்தை நீட்டினேன். என் வாயால் சொல்ல வேண்டாம் என்றுதானே அதை எடுத்துப் போனேன்! உறைகுளிரிலிருந்து வெளியே வந்த மனிதர், வெளியில் அனல். மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. துடைக்கிறார், மறுபடி வெளுக்கிறது. துடைக்கிறார், மறுபடி. "ஒண்ணும் தெரியல, நீங்களே சொல்லிடுங்க" என்கிறார்.

நீயும் நானும் எழுதி எழுதியே தப்பித்துக்கொண்டோம். நான் மட்டும் மீன் லாரிகளுக்கு நடுவில் நின்று வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அது மட்டும் ஞாபகம்.

பிறகு கண்ணாடி தெளிந்ததும் உன் கடிதத்தை முழுசாகப் படித்தார். குளவி வந்த இடத்தில் நிறுத்தி, "அந்த மூணு மரத்துக்கும் புது ஸ்பிரிங் வேணுமே" என்றார். உன் அண்ணனைப் பற்றிய இடத்தில் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். கிடங்கில் வருட முடிவுவரை இருப்பதாகச் சொல்லிவிட்டாராம், சொன்ன சொல் தவறக் கூடாதாம். இருக்கட்டும். ஏழு வருடம் இருந்தவளுக்கு இரண்டு மாதம் என்ன.

ஒன்று சொல்லட்டுமா? ஆகஸ்டில் நீ எழுதியதற்கு நான் கோபப்படவில்லை. நீ புகழ்ந்ததைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பயந்தேன், அவ்வளவுதான். உனக்கு நன்றி சொல்ல வேண்டியது நான். அந்த வீட்டில் நீ இல்லாமல் போயிருந்தால் நான் யாருக்காக எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன்? அதை ஒருநாளும் சொன்னதில்லை. எல்லோரும் நான் உன்னை வளர்த்ததாகவே சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போர்டை மாற்ற அவர் வரட்டும். பழையதை நீ வந்து எடுத்துக்கொள். காட்டில் மாட்ட ஒரு சுவரா கிடைக்காது?

இப்போதே பயமாகவும் இருக்கிறது. இந்த வயதில் இன்னொருவரோடு ஒரு வீட்டில் சரிப்பட்டு வருமா என்று கேட்டேன். உன் டாக்டரம்மா சொன்னதையே திருப்பிச் சொல்கிறார் மனிதர். முதல் வருடம் கணக்கில் இல்லையாம்.

தலையைத் துவட்டிக்கொண்டு படு.
உன் அண்ணி

*

பிப்ரவரியில் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்தை நானும் மருந்துக்கடை முதலாளியும் போட்டோம். கோணல் சுவிட்ச் போர்டு இப்போது என் அறைச் சுவரில், கம்பி இல்லாமல், மாட்டியிருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் கீழ்ச்சரிவின் புது பெல்ட்டுகள் நகர்ந்தன, பழைய அளவில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக.